தலைவர் வண்டி ஏன் கொதிக்கிறது

ஏப்ரல் 2, புதன்

சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. இன்று முதல் எழுதுவது என்று முடிவு செய்தேன். பொது வாழ்க்கையில் இருப்பவன் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்.

இன்றைக்கே தொடங்கக் காரணம், காலையில் ரேஷன் ஆபீசிலிருந்து வந்த கடிதம். மேல்முட்டம் மலைக் கிராமத்துக்கு ரேஷன் அரிசி ஏற்ற இனி ஒரே ஜீப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். 28ஆம் தேதி சோதனை ஓட்டம். பத்து மூட்டை அரிசியோடு பதினோரு கொண்டை ஊசி வளைவையும், எங்கும் நிற்காமல், இன்ஜின் கொதிக்காமல் ஏற வேண்டும். விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், ச. போஜராஜன், மேல்முட்டம் மலைப்பாதை ஜீப் உரிமையாளர் நலச்சங்கத் தலைவர். இன்னொன்று துணைத்தலைவர் தங்கமாயன். ஜூனில் சங்கத் தேர்தல் வருகிறது. தலைவர் வண்டி தோற்று, துணைத்தலைவர் வண்டி ஜெயித்தால் நான் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது?

தோற்க வழியில்லை. என் ஜீப்பை ஓட்டுவது அய்யாக்காளை. பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறான். ஒரு நாள்கூட வண்டி கொதித்ததில்லை. நான் மேலே போய் நான்கு வருடம் ஆகிறது. இரண்டாவது வளைவிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டும். தலைவர் என்பவர் அடிவாரத்தில் இருந்தால்தான் நாலு பேர் வந்து பார்க்க முடியும்.

வண்டியின் முகப்பில் என் பெயர், தலைவர் பதவி, சங்கத்தின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. மூன்றடிக்கு ஒன்றரை அடி. முதல் தடவை தலைவரானபோது கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது. முன் கிரில்லை மறைத்து கம்பீரமாக நிற்கும். நான்கு வருடமாகியும் ஒரு கீறல் இல்லை, ஒரு கறுப்பு இல்லை. கும்பகோணத்துப் பித்தளை அப்படி.

ஏப்ரல் 4, வெள்ளி

சோதனைக்கு முன்னால் நானே வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். பலகையை மாட்டியிருந்த நாலு போல்ட்டிலும் ஸ்பேனர் போட்டு முடுக்கும் நட்டு இல்லை. அதற்குப் பதில் கையாலேயே திருகிக் கழற்றும் காது வைத்த நட்டு. எந்தத் திருடனும் அரை நிமிடத்தில் என் பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அய்யாக்காளையைக் கூப்பிட்டேன்.

"யாருடா மாத்துனது?"

"நான்தாங்க. பழசு தேஞ்சு போச்சுங்க."

"நாலும் ஒண்ணாவா தேயும்?"

அவன் தலையைச் சொறிந்தான். எனக்கு அப்போதே சந்தேகம்.

ஒர்க்ஷாப் அமீன் பாயிடம் சொல்லிப் பலகையை வெல்டிங் வைக்கச் சொன்னேன். அய்யாக்காளை நெளிந்தான். "வெல்டிங் வேணாங்க தலைவரே. காத்து வந்து..." என்று ஆரம்பித்தான். காற்றில் விழுந்துவிடும் என்கிறான் போலிருக்கிறது. அதற்குத்தானே வெல்டிங் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 5, சனி

பலகைக்கு நாலு மூலையிலும் வெல்டிங் ஆயிற்று. இனி யாராலும் அசைக்க முடியாது.

ஏப்ரல் 7, திங்கள்

நம்ப முடியவில்லை. மூன்றாவது வளைவில் வண்டி கொதித்துவிட்டது. அய்யாக்காளை அங்கேயே முக்கால் மணி நேரம் நிறுத்தி, ஓடைத் தண்ணீர் பிடித்து ஊற்றி, மறுபடி ஏழாவது வளைவில் நிறுத்தி, மறுபடி ஒன்பதில் நிறுத்தி, பன்னிரண்டு மணிக்குத்தான் மேலே போய்ச் சேர்ந்தானாம். ஏறும்போது அழுகாத தக்காளி இறக்கும்போது அழுகியிருந்ததாக மேலே உள்ள மளிகைக்காரர் போனில் சொன்னார்.

சாயங்காலம் வந்து நின்றான். "தலைவரே, அந்தப் பலகைய மட்டும்..." என்று இழுத்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பேச விடவில்லை. இன்ஜின் இருப்பது உள்ளே, பலகை இருப்பது வெளியே. இது கூடத் தெரியாமல் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 9, புதன்

ரேடியேட்டரைக் கழற்றி அமீன் பாய் பிரித்தார். குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தினார். சுண்ணாம்பு மாதிரி கொஞ்சம் உதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம். நோய் கண்டுபிடித்தாயிற்று.

"இது பெரிய அடைப்பு இல்ல தலைவரே" என்றார் பாய். "ரேடியேட்டருன்னா உள்ள சுடுதண்ணி ஓடும், வெளிய காத்து பட்டு ஆறும். அவ்வளவுதான் வித்தை. அதனால முன்னாடி கொஞ்சம் தொறப்பா இருந்துச்சுன்னா..."

அங்கே நின்ற இரண்டு டிரைவர்களும் ஏனோ வானத்தைப் பார்த்தார்கள். பாய் பாதியில் நிறுத்திவிட்டு டீ சொன்னார்.

நான் யோசித்துப் பார்த்தேன். முன்னால் திறப்பாக இருக்க வேண்டும் என்றால் பானட்டைத் திறந்து வைத்து ஓட்டச் சொல்கிறார். ஆனால் பானட்டைத் திறந்தால் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரியாதே. பாய்க்கு வயதாகிவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடி கொதித்தது. நான்காவது வளைவு. ஒரு வளைவு முன்னேற்றம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ரேடியேட்டரில் பொடி ஓட்டை இருந்தால் மஞ்சள்தூள் போட்டால் அடையும் என்பது பழைய டிரைவர்கள் கண்ட வழி. வீட்டில் இருந்த டப்பாவை அப்படியே கொட்டினேன்.

மத்தியானம் என் மனைவி வேலுத்தாய் குழம்பு வைக்க டப்பாவைத் தேடினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓட்டை இருந்தா கீழ ஒழுகி இருக்கணும்ல? ஒழுகுச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு மஞ்சத்தூளு?"

முன்னெச்சரிக்கை என்று சொன்னேன். மஞ்சள் இல்லாத குழம்பு சாப்பிட்டேன். அதன் நிறத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வண்டிக்குப் பூஜை. பலகைக்குச் சந்தனம், குங்குமம், மூன்று முழம் தொங்கும் சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சங்க வண்டிகள் பதினேழும் வரிசையாக அம்மன் கோயிலுக்கு ஊர்வலம் போயின. தலைவர் வண்டி முன்னால், நான் நின்றபடி கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

சமதரையில், கடைத்தெரு நடுவில், தபால் ஆபீஸ் முன்னால் வண்டி கொதித்தது. ஆவி மாலைக்குள்ளிருந்து கிளம்பியதால் ஜனங்கள் தூபம் போடுகிறோம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் மஞ்சளாகப் பொங்கி வந்ததும் ஒரு அம்மா குலவை போட்டார்.

தங்கமாயன் கண்தான். ஊர்வலத்தில் அவர் வண்டி இரண்டாவதாக வந்தது. முழு நேரமும் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அய்யாக்காளையை நிறுத்திவிட்டேன்.

யோசித்துத்தான் செய்தேன். பதினோரு வருடம் கொதிக்காத வண்டி, காது நட்டைக் கண்டுபிடித்து நான் கண்டித்த மூன்றாம் நாள் முதல் கொதிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ரோஷம். வேண்டுமென்றே செய்கிறான். முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாவியைத் துண்டில் துடைத்து மேஜை மேல் வைத்தான்.

"ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டுப் போறேன் தலைவரே."

"பலகையப் பத்தின்னா வேணாம்."

"அப்ப ஒண்ணுமில்லைங்க" என்றான். வாசல் வரை போய்த் திரும்பி, "டூல்ஸ் பெட்டி சீட்டுக்கு அடியில இருக்குங்க. தூக்கிப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலுத்தாய் ராத்திரி சோற்றை மூடி வைத்துவிட்டு முன்னாலேயே படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

அய்யாக்காளை தங்கமாயனிடம் சேர்ந்துவிட்டான். எல்லாம் வேண்டுமென்றே என்று நான் நேற்றே சொன்னேன்.

ஏப்ரல் 17, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன் வந்தது. காட்டில் மேட்டில் ஏற்றுகிற பந்தய ஜீப்புகளுக்குப் போடுவதாம். அமீன் பாய் இரண்டையும் ஒரே பக்கமாகக் காற்று இழுக்கிற மாதிரி மாட்டப் போனார். நான் தடுத்தேன். ஒன்று முன்னாலிருந்து பின்னால் ஊதட்டும், இன்னொன்று பின்னாலிருந்து முன்னால் ஊதட்டும், ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் காற்று கிடைக்கும் என்றேன்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு மொறச்சுக்கிட்டு நிக்குமே தலைவரே."

"நிக்கட்டும். நடுவுல இருக்கறவனுக்கு ரெண்டு பக்க காத்தும் கிடைக்கும்ல."

பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு நான் சொன்ன மாதிரியே மாட்டினார். சொன்னால் கேட்கிற மனிதர்.

ஏப்ரல் 19, சனி

நானே ஓட்டினேன். இரண்டாவது வளைவில் வயிறு புரட்டியது. மூன்றாவதில் வாந்தி எடுத்தேன். நான்காவதில் வண்டி எடுத்தது. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஃபேனும் கர்ரென்று சுற்றுகின்றன. கையை நடுவில் வைத்துப் பார்த்தால் காற்றே இல்லை.

எதிரே தங்கமாயன் வண்டி இறங்கி வந்தது. ஓட்டியது அய்யாக்காளை. என்னைப் பார்த்து நிறுத்தினான். அவன் முன்னால் ஒன்றும் தெரியாதவன் போல நிற்கக் கூடாதென்று துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

"தொறக்காதீங்க, தொறக்காதீங்க, கொதி அடங்கட்டும்" என்று ஓடி வந்து என்னைப் பின்னால் இழுத்தான். இழுத்திராவிட்டால் முகத்தில் அடித்திருக்கும். வலது முன்கையில் மட்டும் தெறித்தது. அவன் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் என் கையில் ஊற்றினான். போகும்போது பலகையை ஒரு பார்வை பார்த்தான். அதில் என் பெயர்தான் இருக்கிறது. அவனுக்கு அது பொறுக்கவில்லை.

வேலுத்தாய் கைக்கு மருந்து போட்டாள். "ஏங்க, ஒரு தகடு வந்து மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு நின்னா எந்த மனுசன் மலை ஏறுவான்?" என்றாள்.

வாந்தி வந்தபோது நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சங்க அவசரக் கூட்டம். பொருள்: தலைவர் வண்டி ஏன் கொதிக்கிறது.

ஐந்து பேர் குழு போட்டோம். குழு வாசலுக்குப் போய் வண்டியைப் பார்வையிட்டது. ஐந்து பேரும் வண்டிக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றார்கள். ஒருவர் பலகையைத் தொட்டுப் பார்த்தார். ஒருவர் அதன் ஓரமாகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருவர் இருமினார். திரும்பி வந்து அறிக்கை வாசித்தார்கள்: ஆயில் நல்லது, பெல்ட் நல்லது, பம்பு நல்லது, பலகை மிக நல்லது. காரணம் கடும் கோடை.

தங்கமாயன் எழுந்தார். "கோடை எல்லா வண்டிக்கும்தான மாமா? எங்க வண்டி கொதிக்கலையே."

சபையில் சிரிப்பு. நான் மணியடித்தேன். பிறகு கோடைக்காலத்தைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஏப்ரல் 25, வெள்ளி

பானட்டில் பன்னிரண்டு ஓட்டை போட்டாயிற்று. அமீன் பாய் கூலி வேண்டாம் என்றார். நல்ல மனிதர். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

எல்லாவற்றையும் நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு மனம் மாறிவிடும்.

காலை ஏழு மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மா, ஷூ போட்டிருந்தார். தலைவர் வண்டி முதலில் போவதுதான் முறை என்பதால் என் வண்டியில் ஏறினார். நான் ஓட்டினேன். பின்னால் பத்து மூட்டை. எங்களுக்குப் பின்னால் தங்கமாயன் வண்டி, அய்யாக்காளை ஓட்ட, தங்கமாயன் பக்கத்தில். அதிலும் பத்து மூட்டை.

நான் இரண்டு மாத்திரை போட்டிருந்தேன், வயிறு நின்றது. முள் நிற்கவில்லை. மூன்றாவது வளைவு தாண்டும்போதே பானட்டில் போட்ட பன்னிரண்டு ஓட்டையிலும் ஆவி வந்தது. இட்லிக் கொப்பரை மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்க இடமில்லை, அதுவும் நின்றது.

அதிகாரி இறங்கி முன்னால் போனார். பலகையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"சார், ரேடியேட்டர் எங்க இருக்கு?"

"இதுக்குப் பின்னால மேடம்."

"அப்ப அதுக்குக் காத்து எந்த வழியா போகும்?"

இதை ஒரு குழு ஆய்வு செய்திருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அந்த அம்மா கேலியாகக் கேட்கவில்லை. ஸ்கூல் பிள்ளையிடம் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததல்ல. 'காத்து வந்து' என்று அவன் ஆரம்பித்த அன்றைக்கே எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்ததுதான். அதை இதுவரை எழுதவில்லை.

அய்யாக்காளை இறங்கி வந்தான். கையில் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு. என் முன்னால் வந்து நின்று, அதிகாரியைக் கேட்காமல், அவன் முதலாளி தங்கமாயனைக் கேட்காமல், என்னைக் கேட்டான்.

"அறுக்கட்டுங்களா தலைவரே?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன்.

"அறு" என்றேன்.

நாலு மூலை. நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் கொதியும் அடங்கியது. பலகை விடுபட்டதும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் சாய்த்துக்கொண்டே என் வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியை இழுத்தான். ஸ்பேனர்களுக்கு மேலே வெள்ளை வேட்டி ஒன்று, துவைத்து மடித்தது. அதை எடுத்து உதறி, பலகையை நாலு மடிப்பில் சுற்றினான். பின் சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகினான். சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்த இடுக்கில் இரண்டு பக்கமும் பழைய டியூப் ரப்பர் வெட்டி ஒட்டியிருந்தது. ஒரு தடவைகூட அவன் கீழே பார்க்கவில்லை. கை தானாகவே செய்தது.

"இது எப்பயிருந்து?" என்று கேட்டேன்.

"நாலு வருசமாங்க. அடிவாரம் வேப்பமரத்துக்கிட்ட கழட்டி வச்சுருவேன். எறங்கி வர்றப்ப அங்கயே ஒரு தொட தொடச்சு மாட்டிருவேன். ஸ்டாண்டுக்கு வர்றப்ப நீங்க பாப்பீங்கல்ல."

"ஏண்டா சொல்லல?"

"மொத வருசமே சொன்னேங்க. அப்ப நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

பிறகு அமீன் பாய் மாட்டிய ஃபேன் ஒன்றின் இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினான். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கத் தொடங்கின. நானே ஓட்டினேன். மீதி எட்டு வளைவும், பத்து மூட்டையும், நடுவில் ஒரு தடவைகூட முள் பாதியைத் தாண்டவில்லை. மேல்முட்டத்தில் குளிர் காற்று. நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். வண்டி முகம் வெறிச்சென்று இருந்தது, ஆனால் மூச்சு விட்டது.

வேலை தங்கமாயன் வண்டிக்கு. விதி விதிதானே, நான் கொதித்து நின்றேன், அவர் வண்டி வழியில்லாமல்தான் நின்றது. தங்கமாயன் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

ஏப்ரல் 30, புதன்

பலகையைக் கூரை மேல் நிமிர்த்தி வைத்தால் காற்றை மறைக்காது என்று ஒரு யோசனை வந்தது. வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். யோசனையைக் கைவிட்டேன். பலகை வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது.

மே 3, சனி

அய்யாக்காளையைத் திரும்ப வரச் சொல்லி அமீன் பாயை விட்டுப் பேசினேன். "தங்கமாயன் அண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றானாம். தலைவருக்கு வணக்கம் சொல்லச் சொன்னானாம்.

மே 12, திங்கள்

பலகை கறுத்துப் போய்விட்டது. பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கும்பகோணத்துப் பித்தளை.

மே 14, புதன்

காலையில் அடிவாரம் வேப்பமரத்தடியில் போய் நின்றேன். ரேஷன் அரிசியோடு தங்கமாயன் வண்டி வந்தது. அய்யாக்காளை நிறுத்தினான்.

"என்னங்க தலைவரே, இங்க?"

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். பன்னிரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. வாய்க்கு வந்தது வேறு.

"அந்தப் பலகைய எதப் போட்டுத் தொடப்பே?"

"மலைக் கோயில் விபூதிங்க. வேட்டித் துணியில லேசாத் தொட்டு, எழுத்துக்குள்ள மட்டும் வெரல விட்டுத் தேய்க்கணும். அவசரப்படக் கூடாது" என்றான். சட்டைப் பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பலகையை இறக்கி உட்கார்ந்தேன். எழுத்து எழுத்தாக விரலை விட்டுத் தேய்த்தேன். 'தலைவர்' வரை வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அவன் இதை நான்கு வருடம் தினமும் செய்திருக்கிறான், நான் பித்தளையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

பாதிதான் முடிந்திருக்கிறது. கை வலிக்கிறது.